இரண்டாம் கையொப்பம்

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் நாம் நின்றுகொண்டிருந்தபோது, பெண்மணி ஒருவர் தயங்கித் தயங்கி நம்மை அணுகினார். பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் பயின்றவர். கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த தேர்தலில் வார்டு உறுப்பினராக வென்று, அடுத்த மாதமே உறுப்பினர்களின் வாக்கினால் ஊராட்சி மன்றத் துணைத் தலைவர் ஆனவர். கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார்.

அது ஒரு தணிக்கைக் குறிப்பு. குடிநீர் மோட்டார் பழுது பார்த்தது, குழாய் வாங்கியது, தெருவிளக்கு மாற்றியது என்னும் இனங்களில் வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருக்கிறது; அவற்றிற்குரிய பற்றுச்சீட்டுகளைக் காணோம்; இருப்புப் பதிவேட்டிலும் பொருள் வரவு வைக்கப்படவில்லை; ஆகவே ரூ. 43,000 சொச்சத்தைக் காசோலையில் கையொப்பமிட்ட இருவரிடமிருந்தும் ஏன் வசூலிக்கலாகாது என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. ஒருவர் தலைவர். மற்றவர் இவர்.

“சார், அந்தப் பணத்தில் ஒரு காசுகூட நான் தொட்டதில்லை. என்னை ஏன் கேட்கிறார்கள்?” என்றார். சொல்லி முடிப்பதற்குள் கண்கள் கலங்கிவிட்டன.

நடந்ததைக் கேட்டறிந்தோம். நம் பள்ளத்தாக்கின் பெண்கள் பலரைப் போல் இவரும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். திரும்பும்போது இருட்டிவிடும். ஒவ்வொரு செலவிற்கும் இவருக்காகக் காத்திருக்க இயலாது என்று அலுவலகத்தில் சொல்ல, ஒரே இருப்பில் ஐந்தாறு வெற்றுக் காசோலைகளில் ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார். தொகையும் பெயரும் பிற்பாடு நிரப்பப்பட்டன. எந்தக் காசோலை எதற்குச் சென்றது என்பதை இவர் அறியார்.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் சொல்லிவிடுதல் முறை. இவரைத் தேர்தலில் நிற்குமாறு தூண்டியவர்களுள் நாமும் ஒருவர். “படித்த பெண், பக்தியுள்ள பெண், நீ நில் அம்மா” என்றோம். பதவி ஏற்ற புதிதில் அவர் நம்மிடம் வந்து, “சார், காசோலையில் என் கையெழுத்தும் வேண்டுமாமே, அது எதற்கு?” என்று வினவியதுண்டு. “தலைவர் போட்ட பின் நீ போடுவது ஒரு சடங்கு, அம்மா. நல்ல மனிதர்தாமே அவர்!” என்று விடையிறுத்தோம். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய் சொன்ன சொல் அது. இன்றளவும் அது நம் நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அம்முள்ளே.

சடங்கன்று, சாவி

நம் பங்குகள் பலவற்றில் கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி பங்குத் தந்தையிடம் இருக்கும். மற்றொன்று பங்குப் பேரவையினர் ஒருவரிடம் இருக்கும். இருவரும் கூடி நின்றாலன்றிப் பெட்டி திறவாது. பங்குத் தந்தைமீது ஐயம் கொண்டா அப்படி வைத்தார்கள்? இல்லை. பொதுப் பணத்தின் சுமை ஒரு தோளில் மட்டும் விழலாகாது என்பதற்காகவே வைத்தார்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குதோறும் நிதிக் குழு இருக்கவேண்டும் என்றும், திருச்சபையின் உடைமைகளைப் பேணுவோர் நல்ல குடும்பத் தலைவனுக்குரிய கருத்தோடு அவற்றைப் பேணவேண்டும் என்றும் விதிப்பது இந்நோக்கம் பற்றியே.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் செய்திருப்பதும் இதுதான். சிற்றூராட்சியின் நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரின் கையொப்பம் மட்டும் போதாது. துணைத் தலைவரின் கையொப்பமும் வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுப்போர் ஊர்மக்கள்; துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் மன்ற உறுப்பினர்கள். வெவ்வேறு வழியில் வந்த இருவர் ஒரே தாளைப் பார்க்கவேண்டும் என்பதே இரண்டாம் கையொப்பத்தின் பொருள். வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டுக் கொடுப்பவர் தம் சாவியை மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பூட்டு இரண்டாக இருந்தும் காவல் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் கணக்குக் கேட்கும் நாளில் சட்டம் இரண்டு சாவிக்காரரையும் அழைக்கும்.

இன்று காசோலையோடு மின்னணுக் கையொப்பமும், கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணும் சேர்ந்துள்ளன. கையொப்பக் கருவியையும் எண்ணையும் பிறர் பொறுப்பில் விட்டுவிடுதல் பழைய வெற்றுக் காசோலையின் புதிய உருவமேயன்றி வேறில்லை.

தண்டத்தீர்வை

“பணத்தை நான் எடுக்கவில்லையே” என்று கேட்ட அப்பெண்மணிக்கு நாம் முதலில் விளக்கவேண்டியிருந்த சொல் இது. பொதுப் பணத்திற்கு இழப்பு நேர்ந்தால், அவ்விழப்புக்குக் காரணமானவரின் சொந்தப் பணத்திலிருந்து அதை ஈடுசெய்யுமாறு கட்டளையிடுவதே தண்டத்தீர்வை. திருடியவர்மீது மட்டும் அது பாய்வதில்லை. சட்டத்திற்கு மாறான செலவுக்கு ஒப்புதல் தந்தவர், கவனக்குறைவால் இழப்புக்கு இடம் கொடுத்தவர் ஆகியோரையும் அது பற்றும். மனத்தில் வஞ்சம் இல்லை என்பது சிறைக்கு எதிரான விடையாகலாம். கடனுக்கு எதிரான விடையாகாது.

நம் பக்கத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் பால் உற்பத்தியாளர் சங்கங்களிலும் நிர்வாகக் குழுவில் இருந்தோர் பலர். இச்சொல் அவர்கள் காதில் விழுந்திருக்கும். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு தண்டத்தீர்வையைப் பற்றியதே. விசாரணையிலோ தணிக்கையிலோ இழப்பு வெளிப்பட்டால், குழு உறுப்பினராக இருந்தவரிடம் குற்றச்சாட்டைத் தந்து, அவர் விடையைக் கேட்டு, பின் அத்தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு பதிவாளர் ஆணையிடலாம். தவறு நிகழ்ந்த நாளிலிருந்து ஏழாண்டுகளுக்குள் இந்நடவடிக்கையைத் தொடங்கலாம். உறுப்பினர் இறந்துபோனாலும், அவர் சொத்தை அடைந்த வாரிசு விடையளிக்கக் கடமைப்பட்டவராகிறார். பதவி ஐந்தாண்டு, பொறுப்போ அதற்கும் அப்பால் நீள்வது.

இது கொடுமை என்று தோன்றுகிறதா? நம் முன்னோர் இதனினும் கடுமையாக இருந்தனர். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன; அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்கவேண்டும். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்பவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவர் மறுபடியும் வாரியத்திற்கு வரலாகாது. அவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனன், மாமன் மகன், அத்தை மகன் என்று உறவினர் பட்டியலே நீளுகிறது. அவர்கள் பெயரும் குடத்தில் இடப்படமாட்டாது.

நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை அது. ஏழைக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இன்று ஏலத்தோட்டக் கூலிப் பெண் ஒருவர் துணைத் தலைவராகிக் கையொப்பமிடுகிறார் என்றால், அக்காலத்தினும் நாம் மிகத் தொலைவு வந்திருக்கிறோம். எனினும் கணக்குக் காட்டாமை ஒருவரோடு ஒழிவதன்று, குடும்பத்தையே தொடர்வது என்று அவர்கள் கண்டது பொய்யன்று. அவ்வெள்ளிக்கிழமை மாலையில் அப்பெண்மணியின் கண்ணீரில் அவருடைய பிள்ளைகளின் படிப்புச் செலவும் கலந்திருந்தது.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

தண்டத்தீர்வை முறை நமக்கு ஆங்கிலேயரின் தணிக்கை முறையிலிருந்து வந்து சேர்ந்தது. ஆகவே அந்நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். இலண்டன் நகரின் கிழக்கே பாப்லர் என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. 1921ஆம் ஆண்டில், பெருநகர அவைக்கும் பிற அமைப்புகளுக்கும் செலுத்தவேண்டிய வரியை அவ்வேழைகளிடம் தண்ட மறுத்து, ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் 30 மன்ற உறுப்பினர்கள் சிறை சென்றனர். ஏறத்தாழ ஆறு வாரங்கள் சிறையில் இருந்தனர். அதன் பயனாக ஏழைப் பகுதிகளின் சுமையைச் செல்வப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் பிறந்தது.

அதே மன்றம் தன் ஊழியருக்கு, ஆண் பெண் வேறுபாடின்றி, வாரம் நான்கு பவுன் குறைந்த கூலி என்று நிர்ணயித்தது. வெளியில் கூலிவிகிதம் வீழ்ந்த பின்னும் அதைக் குறைக்கவில்லை. தணிக்கையாளர் 5,000 பவுனை மிகைச் செலவு என்று தள்ளி, உறுப்பினர்கள்மேல் சுமத்தினார். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1925இல் தணிக்கையாளர் செய்தது சரியே என்று தீர்ப்பாயிற்று.

அத்தீர்ப்பில் ஏழைகள்பால் இரக்கம் குறைவு என்று குறை சொன்னோர் உண்டு. நமக்கும் அக்குறை உண்டு. ஆயினும் ஒரு பாடம் அதில் இருக்கிறது. சொந்தப் பணத்தில் தாராளம் காட்டுதல் தருமம். பிறர் பணத்தில் தாராளம் காட்டுபவர் அதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். திருவிழாவுக்குப் பந்தல், இறந்தவர் குடும்பத்துக்கு உதவி, விளையாட்டுக் குழுவுக்குச் சீருடை என்று நம் ஊர்களிலும் ஊராட்சிப் பணத்தைக் கேட்போர் வருவர். கேட்பது நல்ல காரியத்துக்கே ஆகலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கும் இனமா, மன்றத்தில் தீர்மானம் ஆகியிருக்கிறதா, பற்றுச்சீட்டு உண்டா என்று கேட்காமல் கொடுத்தவர் பிற்பாடு தம் கைப்பணத்தைக் கொடுக்க நேரும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாப்லர் உறுப்பினர்கள் சட்டத்தை மீறியபோது ஒளித்து மீறவில்லை. ஊரறியத் தீர்மானம் இயற்றி, விளைவைத் தம் உடலால் ஏற்றனர். மனச்சான்றுக்காகச் சட்டத்தை எதிர்ப்பவர் செய்யவேண்டியது அது. அறியாமல் ஒப்பமிட்டுவிட்டு, அறியேன் என்று சொல்லுதல் வேறு.

குறையும் குற்றமும்

அசட்டையால் வரும் கடன் ஒன்று. வஞ்சத்தால் வரும் தண்டனை மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டு அஞ்சுவோர் பலர். ஊராட்சித் தலைவரும் உறுப்பினரும் சட்டத்தின் கண்ணில் பொது ஊழியர்கள். தம்மிடம் நம்பி ஒப்படைத்த பொருளை அவர்கள் கெட்ட எண்ணத்துடன் கையாடினால், அது நம்பிக்கை மோசடிக் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 409ஆம் பிரிவில் இருந்த இக்குற்றம், 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. ஆயுள் தண்டனைவரை, அல்லது பத்தாண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கையூட்டுப் பெறுதல் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் அடங்கும்.

பணம் கைமாறாமலே பதவியை இழக்கும் வழிகளும் உள. தம் ஊராட்சியின் ஒப்பந்தத்தில் தமக்கே பங்கு வைத்துக்கொள்ளுதல், தமக்கு ஆதாயமுள்ள பொருள் மன்றத்திற்கு வரும்போது தாமே வாக்களித்தல், கூட்டங்களுக்குத் தொடர்ந்து வாராமை ஆகியவை அவை. மைத்துனன் பெயரில் சாக்கடை வேலையை எடுத்துவிட்டு, “என் பெயர் எங்கும் இல்லை” என்று மார்தட்டுபவரை நாம் கண்டிருக்கிறோம். தாளில் பெயர் இல்லாதிருக்கலாம். ஊர் அறியும், ஆண்டவர் அறிவார்.

அப்படியானால் நல்லவர் எவர்தாம் பதவிக்கு வருவார் என்ற கேள்வி எழும். சட்டம் கண்மூடி அடிப்பதில்லை என்பதே விடை. சிற்றூராட்சித் தலைவரை நீக்குவதற்கு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவு வழி சொல்கிறது. மாவட்ட ஆட்சியர் தாமாகவோ, உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் ஒப்பமிட்ட மனுவின்பேரிலோ நடவடிக்கை தொடங்கலாம். முதலில் தலைவரிடம் விளக்கம் கேட்கவேண்டும். விளக்கம் நிறைவளிக்காவிடில், வட்டாட்சியர் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர் கருத்தைக் கேட்டறிவார். அதன் பின்னரே முடிவு. 2012ஆம் ஆண்டில் மராட்டிய மாநிலத்து நகராட்சித் தலைவர் ஒருவரின் வழக்கில், மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்குதல் கடுமையான செயல், முறை தவறாமலும் குற்றம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டுமே அதைச் செய்யவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

2024ஆம் ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பு நம் பெண்களுக்கு இன்னும் ஆறுதலானது. சத்தீஸ்கர் மாநிலம் ஜஷ்பூர் மாவட்டத்தில் பழங்குடிப் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவரை, கட்டட வேலைகள் காலத்தில் முடியவில்லை என்று பதவி நீக்கியிருந்தனர். பொறியாளர், ஒப்பந்தக்காரர், பொருள் வரத்து, மழை வெயில் என்று பலவற்றைச் சார்ந்த தாமதத்திற்கு அவரை எப்படிப் பொறுப்பாக்குவது என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. நீக்கத்தை இரத்துச் செய்ததோடு, அவருக்கு மாநில அரசு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்குமாறும் ஆணையிட்டது. தம் கைக்கு எட்டாததற்கு ஒருவர் பொறுப்பல்லர். தம் கையாலேயே செய்ததற்கு, அல்லது செய்யாமல் விட்டதற்கு, பொறுப்பாவார். கையொப்பம் கைக்கு எட்டியது.

வீட்டுக்காரர் தலைவரா?

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஊரகத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. நம் தேனி மாவட்டத்தின் 8 ஊராட்சி ஒன்றியங்களில் 130 சிற்றூராட்சிகள் இருக்கின்றன. ஆகவே எத்தனை பெண்கள் கையில் எழுதுகோல் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே வேளையில் எத்தனை வீடுகளில் மனைவி ஒப்பமிட, கணவர் ஆட்சி நடத்தினார் என்பதையும் நாம் அறியாதவர்கள் அல்லோம்.

அத்தகைய கணவரிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நீர் முடிவெடுக்கிறீர்; தணிக்கைக் குறிப்பில் உம் பெயர் வராது. வருவது உம் மனைவியின் பெயர். நீதிமன்றப் படியேற வேண்டியவரும் அவரே. திருமணப் பலிபீடத்தின் முன் இன்பத்திலும் துன்பத்திலும் துணையிருப்பேன் என்று கைபிடித்தவர், அவர் கையைக் கொண்டே அவரைத் துன்பத்தில் தள்ளலாமா? படிக்கத் தாருங்கள், கேள்வி கேட்க விடுங்கள், கூட்டத்திற்கு அவரே போகட்டும். வீட்டுச் சமையலை அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கு முடிந்த விதம்

அப்பெண்மணியோடு நாம் பல மாலைகள் அமர்ந்தோம். குறிப்பிலிருந்த இனங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினோம். மோட்டார் பழுது பார்த்தவர் தம் பழைய ஏட்டைப் புரட்டிப் பற்றுச்சீட்டின் நகலைத் தந்தார். மின்பொருள் கடையிலும் அவ்வாறே கிடைத்தது. மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், எந்தத் தெருவில் எந்தக் குழாய் மாற்றப்பட்டது என்று கூட வந்து காட்டினார். பெரும்பகுதி செலவு மெய்யாகவே நடந்திருந்தது, தாள்தான் சேர்த்துவைக்கப்படவில்லை. எழுத்து மூலமான விளக்கம் ஏற்கப்பட்டு, தொகையில் பெரும்பங்கு நீங்கியது. எஞ்சிய ஆறாயிரத்துச் சொச்சத்திற்கு எவரும் கணக்குக் காட்ட இயலவில்லை. தலைவர் பாதி, இவர் பாதி கட்டுவதென்று ஆயிற்று.

சடங்கு என்று சொன்னவர் நாமல்லவா? அவர் பங்கை நாமே கட்டுவதாகச் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். “கையெழுத்து என்னுடையது, சார்” என்றார். ஏலக்காய் எடுத்த கூலியிலிருந்து மூன்று தவணையாகச் சேர்த்துக் கட்டினார். எரிக்கோ நகரில் அத்திமரத்திலிருந்து இறங்கிய சக்கேயு, தன் கையால் விளைந்ததைத் தன் பொருளாலேயே ஈடுசெய்ய முன்வந்தான். அவன் ஏமாற்றிச் சேர்த்தவன், இவரோ ஏமாந்தவர். இருந்தும் பொறுப்பைப் பிறர்மேல் சாட்டாத அந்த மனம் ஒன்றே. அன்று நாம் ஆசிரியராக இருக்கவில்லை, மாணவராக இருந்தோம்.

2025ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் அம்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் விடப்பட்டன. பதவி முடிந்த அன்று அவர் செய்த முதற்காரியம், தம்மிடமிருந்த தாள்கள் அனைத்திற்கும் பட்டியல் எழுதி, ஒப்படைத்ததற்கு ஒப்பம் பெற்று வைத்துக்கொண்டது. கேட்டறியாமல் விட்ட பாடத்தை அவர் பட்டறிந்து கற்றிருந்தார்.

பங்குகள் செய்யத்தக்கது

தேர்தல் காலம் வரும்போதெல்லாம் நம் ஊர்களில், “நம்மவர் ஒருவர் நிற்கவேண்டும்” என்ற பேச்சு எழுகிறது. எழுவது நன்றே. அரசுப் பணியைப் பொதுநன்மைக்காக ஏற்போரின் தொண்டைத் திருச்சபை போற்றுகிறது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் கூறியது. ஆட்சியாளருக்கும் அரசியல் பணியாளருக்கும் பாதுகாவலராகப் புனித தாமஸ் மோரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டில் அறிவித்தார். மன்னன் கேட்ட உறுதிமொழியைத் தம் மனச்சான்று ஒப்பாததால் எடுக்க மறுத்து, 1535இல் உயிரைக் கொடுத்தவர் அவர். எதற்கு இசையலாம், எதற்கு இசையலாகாது என்று அறிந்தவரைத்தான் நமக்குப் பாதுகாவலராகத் தந்திருக்கிறார்கள்.

ஆனால் நிறுத்திவிட்டுக் கைவிடுவது அன்பாகாது. நாம் செய்த பிழையைப் பிறர் செய்யாதிருக்கச் சில சொல்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் எம்மதத்தவராயினும், சட்டம் அறிந்த ஒருவரும் கணக்கு அறிந்த ஒருவரும் பதவியேற்ற முதல் மாதத்திலேயே அவரோடு அமர்ந்து விதிகளைப் படித்துக் காட்டட்டும். வெற்றுத் தாளில் ஒப்பமிடுவதில்லை என்று அவர் உறுதி கொள்ளட்டும். வாங்கியதாகச் சொல்லும் பொருளைத் தெருவில் சென்று கண்ட பின்னரே எழுதுகோலை எடுக்கட்டும். ஒப்பாத தீர்மானம் வந்தால், வாய்மொழியாக முணுமுணுக்காமல், மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, நகல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

ஊர்மக்களாகிய நமக்கும் பங்குண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் 2022 முதல் கிராம சபை நாள்களாகச் சேர்ந்துள்ளன. ஆண்டுக்கு ஆறு முறை வரவு செலவைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம்மில் எத்தனை பேர் போகிறோம்? கேள்வி கேட்பது பகை என்று நினைத்து வீட்டில் இருந்துவிடுகிறோம். நாம் அன்றே கேட்டிருந்தால், அப்பெண்மணியிடம் தணிக்கையாளர் பிற்பாடு கேட்டிருக்கத் தேவையிராது.

அண்மையில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவர் மறுபடியும் வந்தார். “அடுத்த தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், சார்?” என்றார். இம்முறை நாம் உடனே விடை சொல்லவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். “இதை இருவரும் சேர்ந்து படிப்போம், அம்மா. படித்து முடித்த பின் நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றோம். அவர் சிரித்தார். இப்போது செவ்வாய்தோறும் மாலையில், ஜீப்பிலிருந்து இறங்கி முகம் கழுவிக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நம் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்.

பொதுப் பொறுப்பை ஏற்கும் ஒவ்வொருவருக்கும் தெளிந்த அறிவையும், ஒப்பமிடும் முன் ஒரு கணம் நின்று பார்க்கும் நிதானத்தையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக!